தன் கையால் செய்ததே பாடம்: நாப் பெரியாரின் உழைப்பும் ஊழியமும்

ஒரு குடும்பத் தலைவர் தம் வாழ்நாளில் செய்த உழைப்பின் மதிப்பை, அவர் சேர்த்து வைத்த நிலத்தைக் கொண்டும் பணத்தைக் கொண்டும் கணக்கிடுவது உலக வழக்கம். ஆனால், அவர் தொடங்கிய வேலையை அவருக்குப் பின் அவருடைய மக்களும், அவர் முகத்தையே பாராத அயலாரும் ஏற்று நடத்துகின்றனரா என்று பார்ப்பதே சரியான அளவுகோலாகும். இவ்வளவுகோலால் பார்க்குமிடத்து, விவசாய ஊழியம் செய்தவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த ஸீமன் அசாஹெல் நாப் என்னும் பெரியார்.

விவசாயியின் சொந்த நிலத்தில், விவசாயியின் சொந்தக் கையாலேயே புதிய சாகுபடி முறையைச் செய்து பார்க்கச் செய்யும் ஏற்பாட்டை ஓர் ஒழுங்கான இயக்கமாக ஆக்கியவர் இவரே. நம் கிராமங்களில் நடைபெறும் செயல் விளக்கங்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகையால், டிமான்ஸ்டிரேட்டர் உத்தியோகத்திலுள்ள என் போன்றவர்களுக்கு நாப் பெரியாரை நினைவுகூர்வது, பாட்டனாருக்குத் திதி கொடுப்பதை ஒத்த கடமையாகும். நிலச் சொந்தக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அவர் வரலாற்றை அறிவதால் அடையக்கூடிய பிரயோஜனமும் பெரிது.

இளமையும் இடையூறும்

நாப் 1833-ம் வருஷம் டிசம்பர் மாதம் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தார். தகப்பனார் வைத்தியர். ஸ்கெனெக்டடி நகரிலுள்ள யூனியன் கல்லூரியில் படித்து 1856-ல் பட்டம் பெற்று, அவ்வருஷமே மரியா ஹாட்ச்கிஸ் என்னும் அம்மையாரை மணந்தார். இருவரும் உபாத்தியாயத் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கினர். சில வருஷங்களுக்குள் நாப்பின் முழங்காலில் பலத்த காயம் பட்டது. திடகாத்திரராயிருந்தவர் கோலூன்றி நடக்க வேண்டியவரானார். திறந்த வெளியில் வாழ்ந்தால் உடல் தேறுமென்று எண்ணி, 1866-ல் மனைவி மக்களுடன் மேற்கேயுள்ள அயோவா மாகாணத்தில் விண்டன் என்ற ஊரையடுத்துக் குடியேறி, விவசாயத்தில் இறங்கினார்.

அங்கும் துன்பம் அவரை விடவில்லை. ஆசையுடன் வளர்த்த ஆட்டு மந்தை, அந்நாட்டின் கடுங்குளிரில் மாண்டது. கால் ஊனமும் கைப்பொருள் நஷ்டமும் ஒருங்கே சேர்ந்த அந்நாளில், குழந்தைகளை வைத்துக்கொண்டு மரியா அம்மையார் காட்டிய தைரியமே குடும்பத்தைத் தாங்கியது. நாப் தேவாலயத்தில் போதகராக இருந்தார்; பிறகு விண்டன் நகரிலிருந்த குருடர் பள்ளிக்கூடத்தின் தலைமையை ஏற்றுச் சில வருஷங்கள் நடத்தினார். ஒரு வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கண்ணில்லாத பிள்ளைக்கு யாது பயன்? பொருளைக் கையில் கொடுத்துத் தொட்டுத் தடவிப் பழகச் செய்தே அறிவு புகட்டவேண்டும். பிற்காலத்தில் கண்ணுள்ள விவசாயிகளுக்கும் சொல்லைவிடச் செயலே பாடம் என்று அவர் வற்புறுத்தியதற்கு இந்த அநுபவமும் ஒரு விதையாயிருந்திருக்கலாம்.

பின்னர் அவர் உயர்ந்த ஜாதிப் பன்றிகளை வளர்த்தார்; கால்நடை வளர்ப்போருக்கென ஒரு பத்திரிகை நடத்தினார்; அயோவா விவசாயக் கல்லூரியில் ஆசிரியராகி, 1883-ல் அதன் தலைவருமானார். மாகாணந்தோறும் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கவேண்டுமென்ற மசோதா ஒன்றை அவர் தயாரிக்க, அது 1882-ல் காங்கிரஸ் சபையில் கொண்டுவரப்பட்டது. அப்போது அது நிறைவேறவில்லை. ஆயினும் அதே கருத்துடன் 1887-ல் ஹாட்ச் சட்டம் நிறைவேறி, ஆராய்ச்சி நிலையங்கள் ஏற்பட்டன.

நெல் நாட்டில் கற்ற பாடம்

ஐம்பது வயதைக் கடந்தபின், 1885-ல், நாப் தம் குடும்பத்துடன் தெற்கேயுள்ள லூயிசியானா மாகாணத்துக்குச் சென்றார். அங்கே ஒரு கம்பெனி வாங்கியிருந்த பரந்த புல்வெளியில் குடிகளை அமர்த்துவது அவர் பொறுப்பு. அந்நிலத்தின் மேல்மண்ணுக்கு அடியில் இறுகிய களிமண் படுகை இருந்தமையால் தண்ணீர் நின்றது. வடித்துவிட்டாலோ, பாரமான இயந்திரமும் புதையாமல் செல்லுமளவு நிலம் கெட்டிப்பட்டது. நெல்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆயினும் அங்கிருந்த பழைய குடிகள் பள்ளத்தில் விதைத்துவிட்டு, மழை பெய்தால் அறுப்பதும் பெய்யாவிட்டால் விட்டுவிடுவதுமாக இருந்தனர். அந்நெல்லுக்குக் கடவுள் தரும் நெல் என்ற பொருளில் ஒரு பெயரும் வழங்கியது. நம் வானம் பார்த்த சீமையைச் சேர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இந்நிலம் நல்ல விளைச்சல் தருமென்று வாயால் சொல்லியும் அச்சிட்டு வழங்கியும் பார்த்தார், நம்புவாரில்லை. ஆகவே அவர் ஓர் உபாயம் செய்தார். வடக்கேயிருந்து வந்த நல்ல விவசாயிகளைப் பொறுக்கி, வட்டாரத்துக்கு ஒருவராகச் சகாய நிபந்தனையில் குடியமர்த்தினார். அவ்விவசாயி பயிர் செய்து மகசூல் கண்டதைச் சுற்றுப்புறத்தார் வேலியோரம் நின்று பார்த்தனர். அடுத்த போகத்தில் தாமும் செய்தனர். கோதுமை அறுக்கும் இயந்திரத்தை நெல்லறுப்புக்குத் திருத்தியமைத்தும், தண்ணீரை இயந்திரத்தால் இறைத்தும், அப்புல்வெளி அந்நாட்டின் பெரிய நெற்களஞ்சியங்களுள் ஒன்றாயிற்று.

எனினும் ஒரு குறை எஞ்சியது. அங்கு விளைந்த நீண்ட அரிசி ரகங்கள் ஆலையில் தீட்டும்போது ஒடிந்து குருணையாயின. முழு அரிசிக்குள்ள விலை குருணைக்குக் கிடையாது என்பது நம் நெல் வியாபாரத்தில் பழகியவர்களுக்குத் தெரிந்ததே. அந்நாட்டு விவசாய இலாகாவின் சார்பில் 1898-ல் நாப் ஜப்பான் முதலிய கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்று நெல் ரகங்களை ஆராய்ந்தார். ஜப்பானின் கியூஷு தீவுக்குரிய, குட்டையும் உருட்சியுமான அரிசி தீட்டுதலைத் தாங்குவதைக் கண்டு, சுமார் பத்து டன் விதையைக் கொண்டுவந்து பரப்பினார். பாட்டனாராக வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கத்தக்க வயதில் அவர் செய்த கடல் யாத்திரை இது.

டெரல் ஊர்ச் சோதனை

அவருடைய வேலைகளில் தலையாயது அதற்கும் பின்னரே நிகழ்ந்தது. 1890-களின் தொடக்கத்தில் மெக்ஸிகோ நாட்டிலிருந்து பருத்திக் காய்க் கூன்வண்டு என்னும் பூச்சி டெக்ஸாஸ் மாகாணத்துக்குள் புகுந்தது. இது நம் நாட்டுப் பருத்தியில் காணும் தண்டுக் கூன்வண்டு அன்று, வேறு ஜாதி. சப்பையிலும் இளங்காயிலும் துளையிட்டு முட்டை வைக்கும்; உள்ளே புழு வளரும்; சப்பை பழுத்து உதிரும். பருத்தி ஒன்றையே நம்பியிருந்த சீமையில் கடன் கொடுப்போர் கையை மூடினர். நிலத்தின் விலை விழுந்தது. குடிகள் ஊரைவிட்டு வெளியேறினர். பூச்சியை ஒழிக்கத்தக்க மருந்து அப்பொழுது கைவசம் இல்லை.

முதலில் அரசாங்கச் செலவில் சில மாதிரிப் பண்ணைகள் நடத்தப்பட்டன. விவசாயிகள் வந்து பார்த்தனர், புகழ்ந்தனர், வீடு திரும்பிப் பழையபடியே செய்தனர். அரசாங்கத்தின் பணம் இருந்தால் யார்தான் விளைவிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கருத்து. இந்த மனநிலையை நாப் குற்றமாகக் கருதவில்லை; நியாயமென்றே கொண்டார்.

1903-ம் வருஷம் பிப்ரவரி மாதம், டெக்ஸாஸில் டெரல் என்ற ஊரில் ஒரு கூட்டம் கூடியது. அப்போது நாப்புக்கு வயது 69. அரசாங்கப் பண்ணையொன்றை எதிர்பார்த்திருந்த ஊராரிடம் அவர் வேறு யோசனை சொன்னார்: ஊராரே ஒரு விவசாயியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் தம் சொந்த நிலத்தில், சொந்த உழைப்பில், சொல்லிய முறைப்படி பயிரிட வேண்டும், மகசூல் முழுவதும் அவருடையதே, நஷ்டம் வந்தால் ஈடு செய்ய ஊரார் ஜாமீன் நிதி கட்டவேண்டும். வியாபாரிகளும் மற்றவர்களும் சேர்ந்து 1,000 டாலருக்குப் பொறுப்பேற்றனர். வால்டர் போர்ட்டர் என்னும் விவசாயி தம் நிலத்தில் 70 ஏக்கரை இதற்கு ஒதுக்கினார்.

நாப் சொல்லிய முறைகளில் அதிசயம் ஒன்றுமில்லை. முந்திய பருவத்திலேயே ஆழ உழுதல். நல்ல விதை, அதிலும் விரைவில் காய்க்கும் ரகம். முன்கூட்டி விதைத்து வண்டு பெருகுமுன் காய் பிடிக்கச் செய்தல். வரிசைக்கு வரிசை இடம் விட்டு வெயிலும் காற்றும் புகவிடுதல். அடிக்கடி களையெடுத்து மண்ணைக் கிளறுதல். உதிர்ந்த சப்பைகளைப் பொறுக்கி அழித்தல். எடுப்பு முடிந்தவுடன் பருத்தி மாரைப் பிடுங்கிக் கொளுத்துதல். இவற்றுள் பலவற்றை அவ்வூரார் முன்னமே காதால் கேட்டிருந்தனர். வண்டு இருந்த அந்த வருஷத்திலேயே, பழைய முறையில் கிடைத்திருக்கக் கூடியதற்கு மேல் 700 டாலர் ஆதாயம் கண்டதாகப் போர்ட்டர் கணக்குக் காட்டினார். ஜாமீன் நிதியில் ஒரு காசும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இச்செய்தி பரவியது. காங்கிரஸ் சபை வண்டு ஒழிப்புக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி நாப்பின் வேலைக்குக் கிடைத்தது. 1904 முதல் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தத்தம் நிலத்தில் ஒரு பகுதியை இம்முறைக்கு ஒதுக்கினர். 1906-ல் டெக்ஸாஸில் ஸ்மித் கவுண்டியில் ஒரே கவுண்டிக்கென்று முழுநேர ஊழியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவ்வருஷமே அலபாமாவில் தாமஸ் காம்ப்பெல் என்னும் நீக்ரோ இளைஞர், டஸ்கிகீ கல்விச்சாலை தயாரித்த வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு, எவரும் எட்டிப் பாராத ஏழைக் குடியானவர்களின் குடிசை வாயிலுக்குச் சென்று வேலை செய்யத் தொடங்கினார். சைதாப்பேட்டையில் 1868-ல் தோன்றிய விவசாயப் பள்ளி கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டதும் இதே 1906-ம் வருஷந்தான் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க ஒற்றுமை.

அம்முறை பலித்த காரணம்

முதலாவது, நிலமும் உழைப்பும் விவசாயியுடையவை. கேட்டதைச் சந்தேகிக்கலாம், கண்டதையும் சந்தேகிக்கலாம், தானே செய்து தன் களத்தில் அளந்ததை ஒருவன் சந்தேகிக்க முடியாது என்பது நாப்பின் கொள்கையின் சாரம். இரண்டாவது, நஷ்ட பயத்தை ஊர் பகிர்ந்துகொண்டது. சிறு விவசாயி புதியதை மறுப்பது அறியாமையால் அன்று. ஒரு போகம் தவறினால் அவன் குடும்பத்துக்கு வழியில்லை என்பதாலேயே. பருத்தி அழிந்தால் தம் கடையும் மூடப்படுமென்பதை உணர்ந்த டெரல் வியாபாரிகள் அந்தப் பயத்துக்குத் தாங்களே தோள் கொடுத்தனர். மூன்றாவது, ஊழியர் அவ்வட்டாரத்திலேயே நல்ல விவசாயியென்று மதிக்கப்பட்டவராயிருக்க வேண்டுமென்றும், படித்த பதங்களை விட்டு எளிய பேச்சில் சொல்லவேண்டுமென்றும் நாப் கண்டிப்பாயிருந்தார். நான்காவது, சொல்லுவது சிலவாகவும் அவசியமானவையாகவும் இருந்தன. வடிகால், ஆழ உழவு, நல்ல விதை, களையெடுப்பு, எரு, பயிர் மாற்றம், கால்நடை, வீட்டுக்கு வேண்டிய உணவை வீட்டு நிலத்திலேயே விளைத்தல், வரவு செலவுக் கணக்கு வைத்தல் ஆகிய இவையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை.

தகப்பனாராகவும் பாட்டனாராகவும்

மகசூல் பெருகுவது மாத்திரம் தம் வேலையின் முடிவென்று நாப் கொள்ளவில்லை. பெருகிய வருமானத்தால் வீடு செம்மைப்படவேண்டும், குழந்தைகள் படிக்கவேண்டும், பெண்டிரின் பாரம் குறையவேண்டும் என்பதே அவர் நோக்கம். தாமே ஊனமும் வறுமையும் கண்டு பிள்ளைகளை வளர்த்தவராதலின், இக்கருத்து அவருக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று.

முதிய வயதில் அவர் சிறுவர்பால் திரும்பினார். பள்ளிச் சிறுவர் ஒவ்வொருவரும் ஒரு ஏக்கரில் தாமே மக்காச்சோளம் பயிரிட்டுக் கணக்கு வைக்கும் சங்கங்கள் சில இடங்களில் தோன்றியிருந்தன. அவற்றை அவர் தம் இயக்கத்தோடு சேர்த்து, தென் மாகாணங்களெங்கும் பரப்பினார். 1910-ல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்னும் சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல், அதாவது சுமார் 5,800 கிலோ, மக்காச்சோளம் விளைவித்தான். அவ்வருஷமே அம்மாகாணத்தில் மேரி குரோமர் என்னும் ஆசிரியை, சிறுமியர் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் தக்காளி பயிரிட்டு அதை டப்பாவில் பதப்படுத்திப் பணம் சேர்க்கும் சங்கத்தைத் தொடங்கினார். நம் கணக்கில் அது சரியாகப் பத்து சென்ட். டிமான்ஸ்டிரேட்டர் சொல்லியும் ஊர்ப் பெரியவர் சொல்லியும் கேளாத தகப்பன், தன் மகன் விளைத்த ஏக்கரின் வரப்பில் நின்று யோசிக்கத் தொடங்கினான். பேரனைக் கொண்டு மகனைத் திருத்தும் பாட்டனாரின் யுக்தி இது.

சொந்தக் குடும்பத்திலும் அவர் உழைப்பு வீண்போகவில்லை. மகன் ஹெர்மன், தகப்பனார் தலைமை வகித்த அயோவா கல்லூரியிலேயே நெடுங்காலம் பொக்கிஷ அதிகாரியாய் ஊழியம் செய்தார். இன்னொரு மகன் பிராட்போர்டு, வக்கீல் தொழிலுக்குப் படித்திருந்தும், தகப்பனாரின் கடைசி வருஷங்களில் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். மரியா அம்மையார் காலமான பின் நாப் நெடுநாள் உயிர் வாழவில்லை. 1911-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி, 77-ம் வயதில், உத்தியோகத்தில் இருக்கும்போதே காலமானார். ஏம்ஸ் நகரில் அயோவா கல்லூரிக்குரிய இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நடத்திய இயக்கத்தின் தலைமையைப் பிராட்போர்டு ஏற்றார். மூன்று வருஷங்களுக்குப் பின், 1914-ல் நிறைவேறிய ஸ்மித்-லீவர் சட்டம் அவ்வூழியத்தை அந்நாட்டின் நிரந்தர ஏற்பாடாக்கியது. வாஷிங்டன் நகரில் விவசாய இலாகாவின் இரண்டு மாளிகைகளை இணைத்து வீதியின் குறுக்கே நிற்கும் வளைவுகளுள் ஒன்று நாப்பின் பெயரைத் தாங்குகிறது. ஆராய்ச்சி ஒரு கரை, வயல் மறு கரை என்று கொண்டால், இடையே பாலமாயிருந்தவருக்கு இதுவே பொருத்தமான ஞாபகச் சின்னம்.

நாம் செய்யத்தக்கவை

நம் நாட்டிலும் 1960-களில் புதிய ரகங்கள் வந்தபோது, விவசாயிகளின் சொந்த நிலங்களில் நடத்திய தேசியச் செயல் விளக்கங்களே அவற்றின்பால் நம்பிக்கையை உண்டாக்கின. 1974-ல் புதுச்சேரியில் நாட்டின் முதல் விவசாய அறிவியல் நிலையம் தொடங்கப்பட்டது. அத்தகைய நிலையங்கள் முன்னிலை விளக்கங்களை விவசாயியின் வயலில்தான் நடத்துகின்றன. முறை நம்மிடம் உண்டு. அதன் உயிர் குறையாமல் காப்பதே வேண்டுவது. விதையும் உரமும் மருந்தும் இனாமாகக் கொடுத்துப் பெயர்ப்பலகை நாட்டிய திடல்களில் பல, பலகை சாய்ந்தவுடன் மறக்கப்படுவதை இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிவர். இனாமாய்க் கிடைத்த பயிரை அண்டை நிலத்துக்காரர் தம் பயிரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

ஆதலின், கிராம உத்தியோகஸ்தர்களை நாம் கேட்டுக்கொள்வது இது. செயல் விளக்கத்துக்கு விவசாயியைக் குறிக்கும்போது, ஊரில் பெரிய பண்ணைக்காரரையோ சாலையோர நிலத்தையோ மாத்திரம் நோக்காமல், நடுத்தர நிலமும் நல்ல உழைப்பும் உடையவரை ஊரார் கூடித் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். கூட்டுறவுச் சங்கமும், நெல்லோ பருத்தியோ வாங்கும் வியாபாரிகளும், வசதியுள்ள நிலச் சொந்தக்காரர்களும் சேர்ந்து, அவருக்கு நஷ்டம் நேர்ந்தால் ஈடு செய்வதாக எழுத்து மூலம் பொறுப்பேற்கட்டும். பணத்தை முன்னதாகச் செலவழிக்க வேண்டுவதில்லை, பொறுப்பேற்றாலே போதும். அறுவடையன்று களத்தில் ஊரார் முன்னிலையில் இரு நிலத்து மகசூலையும் அளந்து, செலவுக் கணக்கையும் படித்துக் காட்டுங்கள். குறைந்திருந்தால் அதையும் மறையாமல் சொல்லுங்கள். ஒருமுறை மறைத்தால் அடுத்த பத்து வருஷம் ஊர் நம்பாது.

நிலச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகனுக்கோ மகளுக்கோ, பேரனுக்கோ பேத்திக்கோ, இந்தப் போகத்தில் பத்து சென்ட் நிலத்தை ஒதுக்கிக் கொடுங்கள். விதைப்பு முதல் விற்பனை வரை அப்பிள்ளையே முடிவு செய்து, அப்பிள்ளையே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். ஆதாயமும் அப்பிள்ளைக்கே சேரட்டும். நிலத்தை எழுதி வைப்பதற்கு முன் நிலத்தின்மேல் பற்றை உண்டாக்கி வைக்க வேண்டும். பற்றில்லாத கையில் சேர்ந்த நன்செய் விலைப்பத்திரத்தில் முடிவதை நாம் கண்டு வருகிறோம்.

மேற்கூறியவாறு ஜாமீன் முறையில் செயல் விளக்கம் நடத்த விரும்பும் கிராமத்தார், வரும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்னதாகத் தங்கள் வட்டார விவசாய அலுவலகத்தில் தெரிவித்துக்கொண்டால், மண் பரிசோதனை முதல் அறுவடைக் கணக்கு வரை இலாகா ஊழியர்கள் கூடவிருந்து உதவுவார்கள்.